ரிச்சர்ட்ஸ் டவுன் வாசகிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

அமெரிக்கக் குடியுரிமையோடு பெங்களூரு திரும்பி, ரிச்சர்ட்ஸ் டவுனில் அம்மாவோடு இருக்கிறீர்கள். இங்கே சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்துவிடுகிறார்களே, அமெரிக்காவுக்கு இனி எதற்கு ரிட்டர்ன் என்று கேட்டிருக்கிறீர்கள். தாக்கல் செய்யத்தான் வேண்டும். அந்த நாடு குடியுரிமையைப் பார்த்து வரி கேட்கிறது. எங்கே சம்பாதித்தாலும் கணக்குக் காட்டவேண்டும். ஆனால் சம்பளத்துக்காக அங்கே தனியாகப் பணம் கட்டவேண்டி வருவது அபூர்வம்.

இரண்டு வழி உண்டு. படிவம் 2555 போட்டால், 2025ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்கு. படிவம் 1116 போட்டால், இங்கே கட்டிய வருமான வரியை அங்கே கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். நண்பர்கள் முதலாவதைத்தான் சொல்வார்கள். நான் உங்களுக்கு இரண்டாவதைச் சொல்வேன். 30 சதவீத வரம்பில் இருக்கும் உங்களுக்கு இந்திய வரிதான் பெரும்பாலும் அதிகம். மிஞ்சுவதை அடுத்த 10 ஆண்டுவரை பயன்படுத்தலாம். படிவம் 2555 எஃப்டி வட்டிக்கும் வாடகைக்கும் உதவாது. அதைப் போட்டால், பிள்ளைக்கான அமெரிக்க வரிச் சலுகையில் ரொக்கமாகத் திரும்பக் கிடைக்கும் பகுதியும் போய்விடும்.

அமெரிக்காவுக்கு வரி ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர். ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கான ஃபார்ம் 16 மட்டும் போதாது, மாதாமாதம் சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள். 80ஜி ரசீதோடு இங்கே கொடுத்த நன்கொடை அங்கே கழியாது. குடியிருக்கும் வீட்டுக்கு இங்கே கட்டும் சொத்து வரியும் 2018 முதல் கழிவதில்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்திய ஃபண்டுகளை அமெரிக்கச் சட்டம் தனி வகையில் வைத்துக் கடுமையாக வரி போடுகிறது. படிவம் 8621 அதற்குத்தான். அமெரிக்க வரி தெரிந்த ஆடிட்டரைப் பார்க்கும்வரை புதிதாகப் போடாதீர்கள்.

அடுத்து, வங்கிக் கணக்குகள். அம்மாவின் கணக்கில் உங்கள் பெயரும் இருக்கிறதல்லவா, அதுவும் சேரும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை கட்டாயம். கெடு ஏப்ரல் 15. அக்டோபர் 15 வரை தானாகவே நீளும். மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2015இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி வங்கிகள் தரும் விவரம் அங்கே போகிறது.

விட்டுப்போன ஆண்டுகளுக்கும் வழி இருக்கிறது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று கையெழுத்திட்டு, 3 ஆண்டு ரிட்டர்னும் 6 ஆண்டு எஃப்பாரும் கொடுத்தால், வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராதம் இல்லை. அமெரிக்க வரித்துறை விசாரணை தொடங்கிவிட்டால் அந்த வழி அடைபடும். இந்த மாதமே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்