டேட்டாபேஸ் சர்வருக்கு எந்த டிஸ்க்?

டேபிள், கீ, நார்மலைசேஷன் எல்லாம் படிக்கிறோம். அந்த டேபிள் டிஸ்கில் எப்படிப் போய் உட்காருது என்று அதிகம் கேட்பதில்லை. என் அம்மா மகளிர் குழுக் கடனுக்கு 500 ரூபாய் கட்டுகிறார். "வரவு வைக்கப்பட்டது" என்று திரையில் வந்த அதே நொடியில் கரண்ட் போனால் அந்த 500 கணக்கில் இருக்குமா? சர்வருக்கு டிஸ்க் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எத்தனை டெராபைட் என்பதெல்லாம் அப்புறம்.

டேட்டாபேஸ் முதலில் லாக் ஃபைலில் எழுதும். லினக்ஸ் அதை மெமரியில்தான் வைத்திருக்கும். எஃப்சிங்க் என்ற கட்டளை கொடுத்தால்தான் உடனே டிஸ்குக்குத் தள்ளும். அது முடிந்த பிறகே கமிட். ஆனா டிஸ்குக்குள்ளேயும் ஒரு கேஷ் இருக்கே! 7200 ஆர்.பி.எம். ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாக கமிட் செய்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் முடியும். சாதாரண டிஸ்க் ஆயிரக்கணக்கில் காட்டினால் சந்தோஷப்படாதீங்க. கேஷில் வைத்துக்கொண்டு "எழுதியாச்சு" என்று பொய் சொல்லுது. வேகமும் வேண்டும், பணமும் பத்திரமாக இருக்கணும் என்றால் பேட்டரி வைத்த ரெய்டு கன்ட்ரோலர், அல்லது கரண்ட் போனாலும் கேஷைக் காப்பாற்றும் கெப்பாசிட்டர் உள்ள எஸ்.எஸ்.டி. வாங்க வேண்டும்.

அடுத்து ரெய்டு. 1 டெராபைட் டிஸ்க் நான்கு இருந்தால் ரெய்டு 5-ல் 3 டெராபைட் கிடைக்கும், ரெய்டு 10-ல் 2 தான். ஆனால் ரெய்டு 5-ல் ஒரு சின்ன மாற்றத்துக்குப் பழைய டேட்டாவையும் பழைய பாரிட்டியையும் படித்து, இரண்டையும் புதிதாக எழுதணும். மொத்தம் 4 வேலை. ரெய்டு 10-ல் 2 எழுத்தோடு சரி. என் ஓட்டு 10-க்கே. எதுவானாலும் ரெய்டு பேக்கப் ஆகாது. தப்பாக டெலிட் செய்தால் எல்லா டிஸ்கிலும் சேர்ந்தே அழியும்.

ஃபைல் சிஸ்டத்தில் இ.எக்ஸ்.டி.4, எக்ஸ்.எஃப்.எஸ். இரண்டுமே நல்லவை, சண்டை வேண்டாம். போஸ்ட்கிரெஸின் ஒரு பக்கம் 8 கிலோபைட், இ.எக்ஸ்.டி.4-ன் பிளாக் வழக்கமாக 4. நடுவில் கரண்ட் போனால் பாதிப் பக்கம்தான் எழுதப்பட்டிருக்கும். அதற்காகத்தான் லாக்கில் முழுப் பக்கத்தையும் எழுதும் வசதி வைத்திருக்கிறார்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டு அதை நிறுத்திடாதீங்க.

2018-ல் போஸ்ட்கிரெஸ் எழுதுகிறவர்களே ஒன்றைக் கண்டு அதிர்ந்தார்கள். லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றபின் மறுபடி அழைத்தால் "சரி" என்று வரலாம். எழுதாத டேட்டா போனது போனதுதான். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எஃப்சிங்க் தோற்றால் சர்வர் தானே நின்று, லாக்கைப் படித்து மீண்டும் எழும்.

போஸ்ட்கிரெஸோடு வரும் பி.ஜி. டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சின்ன புரோகிராமை லேபில் பழைய ஹார்டு டிஸ்கில் ஓட்டி, 120-ஐத் தாண்டுதா என்று பாருங்க.