ஆள் போனாலும் சம்பளம் போகாது

அன்புள்ள தம்பிக்கு,

பாரதி ஸ்டேடியத்தில் சாயங்காலப் பயிற்சி முடிந்த கையோடு எழுதினாய் போலிருக்கிறது, எழுத்தில் அந்த வேகம் தெரிகிறது. ஆட்டக்காரரை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அவர் சம்பளம் எப்படி அணியின் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். கூடைப்பந்து வீரர் டேமியன் லில்லார்டை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறாய் என்று புரிகிறது.

ஐ.பி.எல். பார்த்துப் பழகிய எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வரும். 2025 நவம்பரில் சென்னை அணி மதீஷ பதிரனவை விடுவித்தது. அவருக்கான 13 கோடி ரூபாய் அப்படியே பர்ஸுக்குத் திரும்பிவிட்டது. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் கதை வேறு. உத்தரவாதமுள்ள ஒப்பந்தக்காரரை அணி 'வெய்வ்' செய்தால், அந்த அணிக்காக அவர் ஆடுவது நின்றுபோகும், அவ்வளவுதான். பேசிய பணம் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அது சம்பள உச்சவரம்புக் கணக்கிலும் ஏற வேண்டும். விலக்கிய 48 மணி நேரத்துக்குள் வேறோர் அணி அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால் பாரம் அங்கே மாறும். ஆனால் பெரிய சம்பளத்துக்கு இடம் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அணி அபூர்வம்.

லில்லார்டுக்கு 2025 ஏப்ரலில், ப்ளே-ஆஃப் ஆட்டத்தில், குதிகால் தசைநார் அறுந்தது. மில்வாக்கி பக்ஸ் அவருக்கு இன்னும் 2 சீசன்களுக்குத் தர வேண்டியது சுமார் 11.3 கோடி டாலர். அடுத்த சீசனுக்கு உச்சவரம்பு 15.46 கோடி, அதில் ஏறக்குறைய 5.4 கோடி இவர் ஒருவருக்கே. ஜூலையில் அவரை விலக்கி, 'ஸ்ட்ரெச்' விதியைக் கையில் எடுத்தார்கள். மீதமுள்ள ஆண்டுகளை இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டு. 2 ஆண்டு பாக்கி 5 ஆண்டுத் தவணையாகிறது, ஆண்டுக்குச் சுமார் 2.25 கோடி டாலர். ஆகஸ்ட் முடிவதற்குள் விலக்கினால்தான் வரப்போகும் சீசன் சம்பளத்தையும் சேர்த்து நீட்ட முடியும். இப்படி நீட்டிய தொகைகள் எந்த ஆண்டிலும் உச்சவரம்பில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் ஒரு கட்டு உண்டு.

கிடைத்த இடத்தில் மைல்ஸ் டர்னர் என்ற ஆட்டக்காரரைக் கொண்டுவந்தார்கள். லில்லார்டோ தன் பழைய அணியான போர்ட்லாண்டுக்கே போய்ப் புது ஒப்பந்தம் போட்டார். தவணை நீண்டதே தவிர மில்வாக்கியின் கடன் குறையவில்லை. முதல் ஆண்டு உச்சவரம்பில் ஏழில் ஒரு பங்கு அளவுள்ள தொகையை ஐந்து ஆண்டுகளுக்கும் ஆடாதவருக்காக ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓர் ஆண்டு பொறுத்திருக்கலாம்.

ஆனாலும் பேசிய பணத்துக்கு உத்தரவாதம் தரும் அந்த விதியின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. உத்தரவாதம் இல்லாதவர் கதையைப் பார். பஞ்சாபி வம்சாவளியில் கனடாவில் பிறந்த சிம் புல்லரை சாக்ரமென்டோ கிங்ஸ் 2014 ஆகஸ்டில் எடுத்து, சீசன் தொடங்கும் முன்பே அக்டோபரில் விலக்கியது. உச்சவரம்பில் பெரிய தழும்பு எதுவும் இல்லை. அணிக்கு நிம்மதி, அவருக்கோ மறுபடி முதலிலிருந்து. ரீனோவில் கீழ்மட்ட லீகில் ஆடினார். 2015 ஏப்ரலில் கிடைத்த 10 நாள் ஒப்பந்தத்தில்தான் அவர் என்.பி.ஏ. களத்தில் இறங்கிய முதல் இந்திய வம்சாவளி வீரர் ஆனார்.

நெய்வேலியில் வளர்கிற உனக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே சுரங்கத்துக்கு, ஒரே ஷிப்டுக்குப் போகிற இரண்டு பேரில் ஒருவர் பர்மனென்ட், இன்னொருவர் கான்ட்ராக்ட். அந்த ஒரு சொல்லுக்காக இந்த ஊர் எத்தனை முறை கேட் முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்று உன் வீட்டுப் பெரியவர்களைக் கேள். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கும் எதுவும் தானாக வந்துவிடவில்லை. 1964 ஜனவரியில் பாஸ்டனில் ஆல்-ஸ்டார் ஆட்டத்தன்று, டி.வி. நேரலை காத்திருக்க, பென்ஷனுக்கு வாக்குறுதி கிடைக்கும்வரை அவர்கள் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை.

பக்ஸ் அணியின் சம்பளப் பட்டியலை வருஷாவருஷம் எடுத்துப் பார். 2029-30 சீசன் முடியும்போது லில்லார்டு 40 வயதை நெருங்கியிருப்பார். அப்போதும் அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும், பக்கத்தில் அதே 2.25 கோடி டாலர்.

அன்புடன்,
உன் அண்ணன்