மகரிஷி விறுவிறுவென நடந்தாரா?

நம்பிக்கை: ரமண மகரிஷி வேகமாக நடப்பவர். பழைய படத்திலேயே தெரிகிறதே!

உண்மை: ரமணாசிரமப் பக்கம் இப்படிப் பேசுவதைக் கேட்கலாம். 1950இல் மறைந்த மகரிஷி, பிற்காலத்தில் முழங்கால் வாதத்தோடு கைத்தடி ஊன்றி நடந்தவர். இணையத்தில் சுற்றும் சில பிரதிகளில் தெரியும் வேகம் அவர் காலில் இல்லை, படத்தை ஓட்டிய கணக்கில் இருக்கிறது. அக்காலத்தில் கையடக்கக் கேமராவில் ஒலியில்லாமல் எடுத்தவர்கள் பெரும்பாலும் நொடிக்கு 16 ஃபிரேம் எடுத்தார்கள். பேசும்படத்துக்கு 24. பதினாறில் எடுத்ததை இருபத்து நான்கில் ஓட்டினால் எவரும் ஒன்றரை மடங்கு வேகமாகத்தான் நடப்பார்.

16 மி.மீ. படச்சுருளில் அடிக்கு 40 ஃபிரேம். 100 அடிச் சுருளில் 4,000. பதினாறில் ஓட்டினால் 4 நிமிடம் 10 நொடி, இருபத்து நான்கில் 2 நிமிடம் 47 நொடி. ஆகவே ஒலியில்லாத பழைய படம் எத்தனை நிமிடம் என்று கேட்டால், எந்த வேகத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். எடுத்த வேகத்தை யாரும் குறித்து வைக்கவில்லையா? செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும் காட்சி ஏதாவது இருந்தால் அதைப் பாருங்கள். தண்ணீர் அன்றும் இன்றும் ஒரே வேகத்தில்தான் விழுகிறது.

நம்பிக்கை: ஒரு ரீல் என்றால் பத்து நிமிடம்.

உண்மை: 1,000 அடி 35 மி.மீ. ரீல் நிறைந்திருந்தால், நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் 11 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். நிறைந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால்தான் அடிக்கணக்கு: நிமிடத்துக்கு 90 அடி.

நம்பிக்கை: வீடியோவில் நேரம் காட்டும் எண்வரிசையான டைம்கோடின் கடைசி இரண்டு இலக்கம் நொடியின் நூறில் பங்கு.

உண்மை: அது ஃபிரேம் எண். நம்மூர் 25 ஃபிரேம் வீடியோவில் 00 முதல் 24 வரைதான் போகும்; 12 என்றால் ஏறக்குறைய அரை நொடி.

நம்பிக்கை: ‘டிராப் ஃபிரேம்’ வைத்தால் படம் விட்டுப்போகும்.

உண்மை: எடிட்டிங் படிக்கும் பிள்ளைகளே இதை நம்புகிறார்கள். ஒரு ஃபிரேமும் போகாது. எண்களை மட்டுமே தாண்டுகிறார்கள். அமெரிக்க முறையில் நொடிக்கு 29.97 ஃபிரேம், ஆனால் எண்ணுவதோ 30 என்று. கார்த்திகை தீபத்தன்று வெளிநாட்டு அன்பர் ஒருவர் 5 மணிக்கு இந்த முறையில் ஓடும் தன் கேமராவின் டைம்கோடைக் கடிகாரத்தோடு சரிபார்த்து ஓடவிட்டால், 6 மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏறும்போது அது 17:59:56:12 என்று காட்டும். மணிக்கு 3.6 நொடி பின்தங்கல். அதைச் சரிக்கட்டத்தான் நிமிடந்தோறும் 00, 01 என்ற இரு எண்களைத் தாண்டுகிறார்கள், ஒவ்வொரு பத்தாவது நிமிடத்தையும் விட்டுவிட்டு. மணிக்கு 108 எண்கள்.

நம் 25 ஃபிரேம் முறைக்கு இந்தத் தொல்லையே இல்லை. வேறு ஒன்று உண்டு: 24இல் எடுத்த இரண்டரை மணி நேரப் படத்தை 25இல் ஓட்டினால் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். வெட்டிவிட்டார்கள் என்று டிவிக்காரர்களைத் திட்டுமுன் இதையும் யோசியுங்கள்.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ரீல் இருக்கிறதா? டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கும்போது, எத்தனை ஃபிரேம் வேகத்தில் மாற்றித் தருவீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதிலை டப்பாவின் மேல் எழுதியும் வையுங்கள்.