லயத்து நாய்க்கு ஊசி, சோறு, உண்ணி

பதுளை

அன்புள்ள தம்பிக்கு,

நாய்க்குட்டி வளர்க்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளரும் நாய் ஒரு வீட்டோடு நிற்காது. நாலு காம்பராவில் சாப்பிடும், எல்லாப் பிள்ளைகளோடும் விளையாடும், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பின்னால் மலைக்கும் ஓடும். அதனால் அதன் சுகம் லயத்தின் சுகம்.

முதலாவது விசர்நாய்க்கடித் தடுப்பூசி. 1973இல் இலங்கையில் 377 பேர் அந்த நோயால் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை மிகவும் குறைந்திருக்கிறது. நாய்களுக்கு ஊசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு உடனே மருந்து கிடைத்ததும் அதற்குக் காரணம். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆகவே ஆண்டுதோறும் ஊசி தவறக் கூடாது. அரசு நடத்தும் முகாம்களில் இது இலவசம். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ.

குட்டிகளை வாந்தியும் இரத்தப்பேதியுமாகக் கொல்லும் பார்வோ நோய்க்கு வேறு ஊசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுப் போடுவார்கள். பூச்சி மருந்தையும் மிருக வைத்தியரிடம் கேட்டுக் கொடு. நாயின் வயிற்றுப் புழு மண் வழியாகப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

இனிச் சாப்பாடு. வெறும் சோறும் ரொட்டியும் வளரும் குட்டிக்குப் போதாது. அவித்த முட்டை, உப்பில்லாமல் அவித்து முள் நீக்கிய மீன், எலும்பு நீக்கிய கோழி, கொஞ்சம் பூசணி சேர். மிச்சக் கறியை ஊற்றாதே. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சமைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். தேத்தண்ணியும் வேண்டாம், அதிலுள்ள கஃபீன் நாய்க்கு ஆகாது.

தேயிலைப் புதருக்குள் ஓடிவரும் நாயை அந்தியில் தடவிப் பார். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டிக்கு அடியில் உண்ணி இருக்கும். சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழு, விரலால் நசுக்காதே. மண்ணெண்ணெயோ தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தோ பூசுவது நாயையே கொல்லலாம். காய்ச்சல், வெளுத்த ஈறு, கடுஞ்சிவப்புச் சிறுநீர் கண்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். பனடோல் கொடுக்காமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போ.

ஊசி போட்ட நாளையும் அடுத்த ஊசிக்குரிய நாளையும் கலண்டரில் குறித்து வை. ஓரிடத்து நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் விசர்நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே முகாமுக்குத் தனியாகப் போகாதே. பக்கத்துக் காம்பராக்காரர்களையும் அவர்கள் நாய்களோடு கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்