அரத்தைக் கடைசியில் எடுங்கள்

இரண்டு மில்லிமீட்டர் பித்தளை. என் புதுத் துப்பாக்கியின் முன்குறியிலிருந்து அவசரப்பட்டு நான் அராவித் தள்ளியது அவ்வளவுதான். ஆனால் ஒரு பருவத்து வேட்டையே அதோடு போயிற்று.

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைக் காலம் வரும். அதற்காகத்தான் நீளக் குழல் வைத்த .50 காலிபர் ரைஃபிளை வாங்கினேன். ‘கேப் வைத்துச் சுடும் நவீன ரகம் வாங்கியிருந்தால் இத்தனை பாடு உண்டா?’ என்று இன்றும் கேட்கிறார்கள். அந்த ரகம் இந்த வேட்டையில் செல்லாது. என் தேர்வில் தவறில்லை; சோதித்த வரிசையில்தான் தவறு.

முதல் நாள் 50 கெஜத்தில் இலக்கு. 50 கிரெயின் கருமருந்து, .490 அங்குல ஈயக் குண்டு, அதைச் சுற்றிப் பருத்தித் துணித்துண்டு. குண்டுகள் எல்லாம் நான்கு அங்குலம் கீழே விழுந்தன. பக்கத்து மேடையில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர், “புதுசுல முன்குறியை உயரமாத்தான் வெச்சுத் தருவாங்க, அராவிடு” என்றார். அவர் சொன்னது உண்மை. முன்குறி குறையக் குறைய குண்டு மேலே ஏறும். எப்போது அராவ வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. என் துப்பாக்கியில் இரு குறிகளுக்கும் இடையே 36 அங்குலம். 50 கெஜம் என்பது 1800 அங்குலம். ஆக, ஓர் அங்குலம் ஏற்ற அரை மில்லிமீட்டர் அராவ வேண்டும். கணக்கு சரி. அன்றே அராவினேன்.

பிறகுதான் மருந்தை ஐந்தைந்து கிரெயினாகக் கூட்டிப் பார்த்தேன். 70 கிரெயினில் ஐந்து குண்டுகளையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். ஆனால் எல்லாம் இலக்குக்கு மூன்று அங்குலம் மேலே! அராவிய பித்தளையை எப்படி ஒட்டவைப்பது? முன்குறியையே மாற்ற வேண்டியதாயிற்று. துப்பாக்கி பட்டறையிலிருந்து திரும்புவதற்குள் வேட்டைக் காலமே முடிந்துவிட்டது.

ஆகவே முதலில் மருந்தளவு, பிறகு துணியின் தடிமன், கடைசியில்தான் அரம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுட்ட துணித்துண்டைத் தேடி எடுத்துப் பாருங்கள். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி தாங்கவில்லை என்று பொருள். ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு ஈரத்துணியால் குழலைத் துடையுங்கள். மருந்தைக் குடுவையிலிருந்து நேரே கொட்டாமல் அளவையில் அளந்தே போடுங்கள். குண்டு மருந்தின் மேல் அழுந்த உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் குழலே வெடிக்கலாம். குண்டு முழுதாக இறங்கியதா என்று தெரிய, கெட்டிக்கும் கோலில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

கடைக்காரர் என் தலையில் கட்டிய மாற்று மருந்து பற்ற அதிகச் சூடு கேட்கும். குழலின் பக்கத் துளையருகே பொறி விழும் கிண்ணியில் எழும் தீ அதற்குப் போதாது. அசல் கருமருந்தையே கேட்டு வாங்குங்கள். கிண்ணியில் துளைக்குக் கீழே நிற்கும்படி கொஞ்சமாகப் போடுங்கள். துளையை மூடினால் திரி எரிவது போலத் தாமதமாகத்தான் வெடிக்கும். கிண்ணி மட்டும் எரிந்து குண்டு போகாவிட்டால், குழல் இலக்கையே பார்த்தபடி ஒரு நிமிடமாவது காத்திருங்கள்.

புது முன்குறி பொருத்தியாயிற்று. 70 கிரெயினில் இரண்டு அங்குலம் கீழே விழுகிறது. ஒரு மில்லிமீட்டர் அராவினால் போதும். இன்னும் பத்துக் குண்டு சுட்டுப் பார்க்காமல் அரத்தைத் தொடமாட்டேன்.