உணவகத் தொழிலில் ஏவலும் உரிமையும்

பசி எல்லா நாட்டவர்க்கும் பொது. பசி தீர்க்கும் கடைகளை நடத்தும் முறைதான் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஒரு கடையை நன்றாக நடத்த ஒருவரின் திறமை போதும். ஒரே பெயரில் பல கடைகளை, எங்கே உண்டாலும் ஒரே சுவை என்னும்படி நடத்துவதற்குத் தனி அறிவு வேண்டும். அதனையே மேலாண்மை என்கிறோம். அடுப்பின் முன் நிற்கும் தொழிலாளி, மேலாளர் பார்க்காத வேளையிலும் ஏன் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும்? இதுவே அத்துறையின் அடிப்படை வினா.

இவ்வினாவுக்குக் கிடைத்த இரண்டு விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று, அமெரிக்காவில் பிறந்த மெக்டொனால்ட்ஸ். மற்றொன்று, நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இரயிலில் வந்திறங்கும் நம்மில் பலருக்கு இந்நகரம் முதலில் காட்டும் காட்சி. தம்பானூரில் செங்கல் சுருளாய் எழுந்து நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ்.

ரிச்சர்டு, மாரிஸ் மெக்டொனால்டு என்னும் உடன்பிறந்தார் இருவர், 1940-இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் உணவுக்கடை ஒன்றைத் திறந்தனர். கடை நன்றாகவே நடந்தது. ஆயினும் 1948-இல் அதனைச் சில மாதங்கள் மூடிவைத்து, வேலைமுறை முழுவதையும் மாற்றினர். உணவு வகைகளை ஒன்பதாகக் குறைத்தனர். வண்டிக்கே சென்று பரிமாறிய பணியாளர்களை நீக்கினர். சமையலை ஒரு தொழிற்சாலைபோல் சிறு சிறு வேலைகளாகப் பிரித்தனர். சமையலறை ஒன்றைத் திட்டமிடும்போது, டென்னிசு ஆடுதளத்தில் சுண்ணக்கட்டியால் அதனை முழு அளவில் வரைந்து, பணியாளர்களை அதற்குள் நடக்கவைத்துப் பார்த்தனர். ஓர் அடிகூட வீணாகக் கூடாது என்பது அவர்களின் கணக்கு.

பால்கலவை இயந்திரம் விற்றுவந்த ரே கிராக் என்பவர் இம்முறையைக் கண்டு வியந்தார். 1955-இல் இலினாய்சு மாநிலத்தில் தம் முதல் கடையைத் திறந்தார். 1961-இல் 27 இலட்சம் டாலர் கொடுத்து உடன்பிறந்தாரின் உரிமை முழுவதையும் வாங்கினார். அதே ஆண்டில் கடை நடத்துவோரைப் பயிற்றுவிக்கப் பயிற்சிக்கூடம் ஒன்றும் ஏற்பட்டது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் அப்பெயரில் நடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்துவோர் உரிமம் பெற்ற தனி முதலாளிகள். ஆயினும் செய்முறை அவர்கள் கையில் இல்லை; தலைமையகத்தின் கையேட்டில் இருக்கிறது.

விற்பனையில் இந்நிறுவனம் வளைந்து கொடுக்கத் தெரிந்தது. 1996-இல் தில்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் விலக்கியது. மரக்கறி உணவைத் தனியே சமைக்க ஏற்பாடு செய்தது. நம் நாட்டு உருளைக்கிழங்கு வடையை ரொட்டிக்குள் வைத்து விற்றது. பண்டம் நாட்டுக்கு நாடு மாறியது, வேலைமுறை மாறவில்லை.

அறிவு கையேட்டில் இருந்தால், தொழிலாளி யாராக இருந்தாலும் ஒன்றே. புதியவர் சில நாளில் வேலை பழகலாம். பழையவர் போனாலும் கடை நிற்காது. இது முதலாளிக்கு நன்மை. தொழிலாளிக்கோ, தன் இடத்தில் எவரையும் நிறுத்தலாம் என்னும் எண்ணம் நாளும் நெஞ்சை அறுக்கும். 2012 நவம்பரில் நியூயார்க்கு நகரின் விரைவுணவுத் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலர் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 2024 ஏப்ரலில் கலிபோர்னியா மாநிலம் பெரிய விரைவுணவு நிறுவனங்களின் தொழிலாளர்க்கு 20 டாலரைக் குறைந்த ஊதியமாக்கியது.

ஊதியம் உயர்ந்தால் ஊக்கம் பிறந்துவிடுமா? பிரடெரிக் ஹெர்சுபெர்க்கு என்னும் உளவியல் அறிஞர், பொறியாளர், கணக்கர் ஆகிய இருநூறு பேரளவில் வினவி, 1959-இல் தம் முடிவை நண்பர் இருவருடன் நூலாக வெளியிட்டார். ஊதியம் குறைந்தால் மனக்குறை வளரும். ஆனால் மனக்குறை நீங்குவது வேறு, ஊக்கம் பிறப்பது வேறு என்றார். பொறுப்பு, பாராட்டு, வளர்ச்சி ஆகியவையே ஊக்கத்தின் ஊற்றுகள் என்பது அவர் கண்ட முடிவு.

இனி நம் தம்பானூருக்கு வருவோம். இந்திய மக்களிடையே காபியைப் பரப்புவதற்காக 1936-இல் பம்பாயில் முதல் காபி ஹவுஸ் தோன்றியது. பின்னர் இக்கடைகள் காபி வாரியத்தின்கீழ் நடந்தன. 1950-களின் நடுவில் வாரியம் அவற்றை மூட முடிவு செய்தது. வேலையிழந்த தொழிலாளர் தெருவில் நின்றனர். பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்களுக்குச் சொன்ன வழி எளியது: கடைகளை நீங்களே நடத்துங்கள். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பிறந்தன. 1957 ஆகஸ்டில் பெங்களூரில் அத்தகைய சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. 1958 மார்ச்சில் கேரளத்தின் திருச்சூரில் அவர்களின் கடை திறக்கப்பட்டது. பரிமாறியவரும் சமைத்தவரும் உடைமையாளர் ஆயினர். கூட்டுறவில் உறுப்பினர்க்கு ஆளுக்கு ஒரு வாக்கு. பங்கின் அளவு அங்கே பேசாது.

இங்கும் ஒரே தோற்றம், ஒரே சுவை உண்டு. விசிறி மடிப்புத் தலைப்பாகை, வெள்ளுடை, பீட்ரூட் கலந்த மசாலாவும் கட்லெட்டும் கேரளத்தில் எவர்க்கும் அடையாளம் சொல்லும். தம்பானூர்க் கட்டடமே ஒரு விளம்பரம். இங்கிலாந்தில் பிறந்து இந்நகரில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் அதனை அமைத்தார். தளம் சாய்ந்து சுழன்று மேலே செல்கிறது. சுவரின் துளைகள் வழியே காற்றும் ஒளியும் வருகின்றன.

நான் வணிகவியல் கற்றவனல்லன், அறிவியல் மாணவன். ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைப்போம். இவ்விரு நிறுவனங்களை அப்படி ஒப்பிட இயலாது. ஒன்று உலகளாவியது, மற்றொன்று சிறியது. கூட்டுறவுக்கும் குறைகள் உண்டு. முதல் திரட்டுவது கடினம், முடிவெடுக்க நாளாகும், எல்லார்க்கும் உரியது எவரும் கவலைப்படாததாகவும் ஆகலாம். தேர்தல் நாளில் மட்டும் நினைவுக்கு வரும் உரிமை, அடுப்பின் முன் ஊக்கம் தராது.

ஆயினும் மெக்டொனால்ட்ஸ் வரலாற்றிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. அந்நிறுவனத்தின் மீன் ரொட்டியை 1962-இல் உருவாக்கியவர் சின்சினாட்டி நகரில் உரிமம் பெற்றுக் கடை நடத்தியவர். வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணாத கத்தோலிக்கர்க்காக அதனைச் செய்தார். புகழ்பெற்ற பிக் மேக்கை 1967-இல் விற்கத் தொடங்கியவரும் பென்சில்வேனியாவில் உரிமம் பெற்று நடத்தியவரே. ஏவலால் நடந்த நிறுவனத்துக்கும் புதுமை வந்தது, உண்பவரின் முகத்தை நாளும் பார்த்தவரிடமிருந்துதான்.

வினைக்கு உரியவனை ஆராய்ந்து தெரிந்தபின் அவ்வினையை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்தும் கருத்து. கையேடு தேவை; தூய்மையும் ஒழுங்கும் அதனால் வரும். அக்கையேட்டைத் திருத்தும் உரிமை வேலை செய்பவனுக்கும் இருக்க வேண்டும். பங்கும் வாக்கும் அதற்கு வழி திறக்கும். அவை மட்டுமே அவ்வுரிமை ஆகிவிடா.

நண்பர்களே, படிப்பு முடிந்து நாமும் ஆய்வுக்கூடத்துக்கோ ஆலைக்கோ அலுவலகத்துக்கோ செல்வோம். முதலில் ஏவல் கேட்போம். பின்னர் சிலர் ஏவும் இடத்தில் அமர்வோம். அப்போது, ஊதியம் என்ன என்று கேட்பதோடு, ‘இங்கே ஒரு தவற்றைக் கண்டால் அதனைத் திருத்தும் உரிமை யாருக்கு?’ என்றும் கேட்போம். பிறர் அவ்வாறு நம்மைக் கேட்கும் நாளில் சொல்லத்தக்க விடையொன்றை ஆயத்தமாக வைத்திருப்போம்.