எம்.சி.எச்.சி. 58

ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் எல்லாரும் ஹீமோகுளோபினைத்தான் பார்ப்போம். அதற்குச் சில வரி கீழே எம்.சி.எச்.சி. என்று ஒன்று இருக்கும், சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்ற கணக்கு அது. அதையும் பாருங்கள். 32 முதல் 36 வரை இருப்பது வழக்கம். என் தாளில் 58 என்று இருந்தது. ஒரு சிவப்பணுவுக்குள் அத்தனை ஹீமோகுளோபினை அடைக்கவே முடியாது. அப்படிப்பட்ட எண்ணை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துக் கொடுத்தார்கள்.

எனக்கு இருப்பது கோல்டு அக்ளூட்டினின் நோய். உடம்பு குளிர்ந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு அழியும். பத்து லட்சம் பேரில் வருடத்துக்குச் சுமார் ஒருவருக்குத்தான் புதிதாக வரும் என்கிறார்கள். ஆனால் புது நோய் இல்லை. ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர், குளிரில் அணுக்களை ஒட்டவைக்கும் இந்தப் பொருளைப் பற்றி 1903இலேயே எழுதிவிட்டார்.

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினி வீட்டில் தங்கி, விடியுமுன் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டு ஆண்டாளைச் சேவிக்கப் போவது எங்கள் வழக்கம். அங்கேதான் முதலில் விரல் நுனியும் காது மடலும் நீலம் பாரித்தன. அடுப்படியில் நின்றதும் சரியாகிவிட்டது. மத்தியானம் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனது. கண்ணில் மஞ்சள் தெரிந்ததும் மதினி கீழாநெல்லியை அரைத்துவிட்டார். அவர் பிரியத்தில் செய்தது. ஆனால் அந்த மஞ்சள் கல்லீரல் கெட்டு வந்ததில்லை, உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வந்தது. கண் மஞ்சளானால் எல்லாம் காமாலை என்று முடிவு கட்டும் நம் ஊர்ப் பழக்கம் எனக்குச் சில வாரங்களைத் தின்றது.

பல மாதங்களைத் தின்றது அந்தத் தாள். ராஜபாளையத்தில் ஏ.சி. அறையில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே குழாய்க்குள் அணுக்கள் கட்டிகட்டியாக ஒட்டிவிட்டன. இயந்திரம் ஒரு கட்டியை ஒரே பெரிய அணுவாக எண்ணும், மிகப் பெரிய கட்டியை எண்ணாமலே விடும். அதனால் எண்ணிக்கை சரியும், அணுவின் அளவு ஊதிக் காட்டும். ஹீமோகுளோபினை மட்டும் அணுக்களை உடைத்து அளப்பதால் அது சரியாக வரும். இரண்டும் பொருந்தாமல் போகும் இடம்தான் எம்.சி.எச்.சி. எனக்கு ஹீமோகுளோபின் 7.8. அதை மூன்றால் பெருக்கினால் ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, சுமார் 23 வரவேண்டும். தாளில் 13 சொச்சம் என்று இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை கண்டுபிடிக்கும் கணக்கு இது.

அணு பெரிதாக இருக்கிறது, ஆகவே பி12 குறைவு என்று ஊசி ஆரம்பித்தார்கள். ஊசிமேல் ஊசி போட்டும் ரத்தம் ஏறவில்லை. அடுத்து எலும்பு மஜ்ஜையைக் குத்தி எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு நான் சம்மதிக்காமல் மதுரைக்குப் போனதை வீட்டில் பிடிவாதம் என்றார்கள். இன்றைக்கும் சொல்கிறேன், அது பிடிவாதமில்லை.

மதுரையில் ஒரு வயதான மருத்துவர் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, “யம்மா, இந்த ரத்தம் எப்படிம்மா இங்க வந்துச்சு?” என்றுதான் கேட்டார்.

“ஐஸ் பெட்டியில சார்.”

புதிதாக எடுத்த ரத்தம் குழாய்ச் சுவரில் திரிந்த பால்போல் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்தார். என் கண்ணெதிரே கட்டிகள் கரைந்தன. மறுபடி ஓட்டியபோது எம்.சி.எச்.சி. 33. சிவப்பணுக்களின்மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் கூம்ஸ் பரிசோதனையில் சி3டி பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ். சந்தேகம் தீர்ந்தது.

ஆகவே சோதனைச் சாலைக்கு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போங்கள். உடம்புச் சூட்டில், 37 டிகிரியில், தண்ணீர் இருக்கட்டும், தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். கொதிநீர் வேண்டாம், அது அணுக்களையே உடைத்துவிடும். ரத்தம் எடுத்த கையோடு குழாயை அதில் வைத்து, சூடு ஆறாமல் இயந்திரத்துக்குப் போகவேண்டும். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வைத்தியம் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. ஃபோலிக் அமிலம் தினமும். இந்த நோய்க்கு ஸ்டீராய்டு பெரும்பாலும் பிரயோசனப்படாது, மண்ணீரலை எடுப்பதும் வீண், ஏனென்றால் அணுக்கள் முக்கியமாகக் கல்லீரலில்தான் அழிகின்றன. எனக்கு ரிட்டுக்சிமாப் கொடுத்தார்கள், கேட்டது. சுடிம்லிமாப் என்ற மருந்துக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. இந்த நோய்க்குப் பின்னால் நிணநீர்ப் புற்று ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

“வெயில் ஊர்ல பிறந்தவளுக்குக் குளிர் வியாதியா?” என்று சிரித்தவர்கள் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் குளிர் எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன். சாயங்காலம் அய்யனார் கோயில் பக்கமிருந்து இறங்கும் மலைக்காற்றில் இருக்கிறது. செண்பகத்தோப்பு ஓடைத் தண்ணீரில் இருக்கிறது. சித்திரை வைகாசியில் கல்யாண மண்டபத்து ஏ.சி.யில்தான் மிக அதிகம், வெளியே கத்திரி கொளுத்தும்போது உள்ளே பதினெட்டில் வைப்பார்கள். எனக்கு மோசமாக வந்தது அப்படியொரு முகூர்த்தத்தில்தான். இப்போது கோடையிலும் பையில் சாக்ஸும் காதை மூடும் துண்டும் இருக்கும். அதைப் பார்த்து மதினி சலித்துக்கொண்டாலும் கழற்றமாட்டேன்.

ரத்தம் ஏற்ற நேர்ந்தால் முதலிலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். ரத்த வங்கியில் பையை 2 முதல் 6 டிகிரியில் வைத்திருப்பார்கள். பிளட் வார்மர் கருவி வழியாகத்தான் ஏற்றவேண்டும், பையை வெந்நீரில் முக்க விடக்கூடாது. குளுக்கோஸும் சூடாக்கித்தான் போகவேண்டும். வகை பார்ப்பதும் கிராஸ் மேட்சும் அணுக்கள் ஒட்டிக்கொள்வதால் குழம்பும், நேரம் பிடிக்கும், கடைசி நிமிஷத்தில் ஓடி வாங்க முடியாது. ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நேரில் சொல்லுங்கள், நர்ஸ் சொல்லிக்கொள்வார் என்று விடாதீர்கள். நான் நோயின் பெயர், ரத்த வகை, “சூடாக்கி மட்டும் ஏற்றவும்” என்ற வரி மூன்றையும் அட்டையில் எழுதி, லேமினேட் செய்து, ஆதார் அட்டைக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.